விலாங்குத் தாவல்

கிளைபேடாவில் டிசம்பர்.
நாலு மணிக்கே ஜன்னலில்
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மறைந்து
அவற்றின் சிவப்பு விளக்குகள் மட்டும் மிச்சம்.

ரிம்விதாஸின் உலாவியில்
நூற்று நாற்பத்து மூன்று தாவல்கள்.
ஒவ்வொன்றும் நகத்தளவுகூட இல்லை.
தலைப்பு தெரியாது, தலைப்பின் முதலெழுத்தும் தெரியாது.
உதிர்ந்த செதில்களை ஒட்டிவைத்தது மாதிரி
மேலே ஒரு வரிசை.
மடிக்கணினியின் விசிறி
பனியில் சிக்கிய லாரியாக இரைகிறது.

அவன் மொழியில் இதற்கு வேறு சொல்.
நாம்தான் தாவல் என்கிறோம்,
வைத்தவர் தெரிந்தே வைத்த பெயர்.
காலையில் விலாங்குகளின் உப்புத் தாகத்தில் தொடங்கியவன்
பதினோரு மணிக்கு
போர்த்துகீசிய மாலுமிகளின் பல் நோயில் நிற்கிறான்.
எப்படி வந்தான் என்று கேட்டால்
தாவித்தான் வந்தான்.

ஸ்கைஸ்தே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
"இது ஆராய்ச்சி இல்லை, பயம்.
மூடினால் மறந்துபோகும் என்ற பயம்.
திறந்தே கிடந்தால் படித்ததாகிவிடுமா?"
உருட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்,
தன் ஒன்பது தாவல்களுக்கு.

அன்று சாயங்காலம் உட்கார்ந்தான்.

பச்சை நிறத்தில் ஒரு குழு: கடற்பயணம்.
நீலத்தில் உப்பு.
மஞ்சளில் பழைய ஆவணங்கள்.
சாம்பலில் 'பிறகு'.
(சாம்பல்தான் முதலில் நிறைந்தது.)

ஒரே கட்டுரை நான்கு தாவல்களில்.
நான்கும் ஏழாம் பக்கத்தில்,
அதே வரைபடத்தின் முன்னால் நின்றிருந்தன.
நான்கு முறை ஒரே கதவுவரை போய்
நான்கு முறையும் மணியடிக்காமல் திரும்பியிருக்கிறான்.
மூன்றை மூடினான்.
நாலாவதைப் படித்தான். இருபது நிமிடம்தான் ஆனது.

பனிக்காலணி, அளவு நாற்பத்து நான்கு.
போன வருஷமே வாங்கி, இந்த வருஷம் ஒழுகுவது.
மூடு.
ஜூலை மாதப் படகு நேரங்கள்.
மூடு.
தாவல்களைக் குறைப்பது எப்படி, மூன்று பக்கங்கள்.
சிரித்துக்கொண்டே மூடு.

பிறகு அது வந்தது.
காயலோரக் குடியிருப்பு ஒன்றில்
விலாங்கு வாங்கி விற்றவனின் கணக்குப் புத்தகம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று,
சாய்ந்த ஜெர்மன் கையெழுத்து.
மஞ்சளில் போட்டான்: ஆவணம்தானே?
ஆனால் ஓரத்தில் காற்று, தண்ணீர் பற்றிய குறிப்புகள்.
நீலத்துக்கு இழுத்தான்.
பச்சைக்கு இழுத்தான்.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்
விலாங்கு பற்றி நம்மிடம் ஒரு பேச்சு உண்டு,
அது அவனுக்குத் தெரியாது;
கையில் வழுக்குவது மட்டும் தெரிந்தது.

நாலாம் முறை இழுக்கையில் விரல் நழுவி
எந்தக் குழுவிலும் சேராமல்
நிறமில்லாமல்
இரண்டுக்கும் நடுவே விழுந்தது.
பக்கத்திலேயே நீலத்தின் முதல் தாவல்,
கலங்கரை விளக்கத்துக் காவலன் அளந்த உப்பு,
அதே வருஷம்.

அக்டோபர் மூன்றாம் வாரம்
கணக்குப் புத்தகத்தில் கொள்முதல் மும்மடங்கு.
அக்டோபர் மூன்றாம் வாரம்
உப்புக்கோடு செங்குத்தாய் ஏறுகிறது.
கடல் உள்ளே வந்திருக்கிறது.
மணம் பிடித்து அவை புறப்பட்டிருக்கின்றன.

ஆறு மாதமாய் இரண்டும் இவனிடம்தான் இருந்தன,
நடுவில் எண்பது தாவல் தூரம்.

ஆறரைக்கு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு
ஸ்கைஸ்தே எட்டிப் பார்த்தாள்.
இருபத்திரண்டு. புருவம் உயர்த்தி மெச்சினாள்.
"அது ஒன்று ஏன் வெளியே கிடக்கிறது?"
"அதன் இடம் அது."

அவள் காலடி படியில் இறங்கும்வரை காத்திருந்து
முப்பத்திரண்டு அக்டோபரைப் பார்க்க
ஒரு புதிய தாவல் திறந்தான்.
காற்றின் திசைக்கு இன்னொன்று.
காவலன் பெயர் என்ன, அதற்கு ஒன்று.

கடைசிப் பேருந்துக்கு அவன் எழுந்தபோது
நாற்பத்தேழு.
விசிறி
மெதுவாக ஆரம்பித்தது.