சான்றுப் பொருள் மூன்று

ஐந்தாயிரம் கேட்டு
நாலாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தேன்.
எட்டு ஹாரன், இரண்டு பாக்ஸ், ஜெனரேட்டர் தனி.
மஞ்சக்குப்பம் மைதானத்தில்
யார் பேசினாலும் எனக்கு ஒரே வாட்ஸ்தான்.
அப்படித்தான் இருபத்திரண்டு வருஷம்
சோறு தின்றேன்.

அன்றைக்கு அவர் பேசியது
பேச்சு இல்லை, பட்டியல்.
எந்தத் தெரு, எத்தனை வீடு,
எந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது.
கூட்டம் கைதட்டத் தட்ட
ஆம்ப்ளிஃபயர் ஊசி சிவப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.
மேடைக்கடியில் ஒயர் பிடித்திருந்த முபாரக்
நிமிரவே இல்லை.
மூன்றாவதாகச் சொன்ன தெருவில்
அவன் அக்கா வீடு.
பின்வாசல் கிடையாது.

வால்யூம் குமிழ் என் விரலில் இருந்தது.
அணைத்திருக்கலாம்.
டீசல் தீர்ந்துவிட்டதென்று
ஒரு பொய் போதும்.
பாக்கி ஆயிரத்து ஐந்நூறு
வரவேண்டியிருந்தது.

அப்போதுதான் நவநீதன் ஏறினான்.
வண்டிப்பாளையத்துப் பையன்,
சிப்காட்டில் காண்ட்ராக்ட் கூலி,
ஆடி மாதத்தில் எனக்குக் குழாய் கட்டக் கூடமாட வருவான்.
டீ வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறவன்.
மைக் ஸ்டாண்டைப் பிடுங்கினான்,
என் ஸ்டாண்டை,
ஓங்கி அடித்தான்.

மைக் அதிலேயேதான் இருந்தது.
எலும்பில் இரும்பு படுகிற ஓசையை
எட்டு ஹாரனும் ஊருக்குச் சொன்னது.
புதுப்பாளையம் வரை கேட்டதாம்.

யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.
அந்த நொடி என் விரல்
குமிழைத் திருகியது.
குறைக்க அல்ல.

இனித்தது.
தொண்டை வரைக்கும் இனித்தது.

அன்றிரவு அந்தத் தெருவில் நாலு வீடு.
"அடிக்காட்டியும் கொளுத்தியிருப்பானுங்க" என்றான் முபாரக்.
"அடிச்சதாலதான் கொளுத்துனானுங்க" என்றாள் அவன் அக்கா,
முழங்கை வரை கட்டோடு.
எனக்குச் சோறு போட்டுக்கொண்டேதான்
இருவரும் இதைச் சொன்னார்கள்.
நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

கரையேறவிட்டகுப்பம் வழியாக வீடு திரும்பினேன்.
கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய ஒருவர்
மிதந்து வந்து ஏறிய இடம் என்பார்கள்.
சின்ன வயதில் அது தைரியம் தந்த கதை.
இப்போது செருப்புக்குள் மணல் மாதிரி.
கல்லுக்கு என்ன தெரியும்,
தன்மேல் கட்டியிருப்பது
தொண்டா நஞ்சா என்று?

ஏழு தையலோடு அவரும் மிதந்து வந்தார்.
பாரதி சாலை முழுக்கப் போஸ்டர்.
கட்டுப் போட்ட தலை
முன்பிருந்த தலையைவிடப் பெரிது.

கோர்ட்டில் என் ஸ்டாண்டின் கழுத்தில்
சான்றுப் பொருள் மூன்று என்று சீட்டு.
"இது உங்களுடையதா?"
ஆமாம்.
"சம்பவத்தின்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"
ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்தேன்.
வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.
குமிழுக்கு யாரும் சீட்டு ஒட்டவில்லை.

கேப்பர் மலையில்
கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்திருந்தான்.
தப்பு என்று சொல்லத்தான் போனேன்.
சரி என்று சொல்லவும்
பஸ்ஸிலேயே ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.
அவன் கேட்டது வேறு.
"அந்தாளு பேச்ச நிறுத்திட்டாரா அண்ணே?"

போஸ்டர் பற்றி வாய் வரவில்லை.
"அன்னைக்கு நிறுத்துனாரு" என்றேன்.
தலையை மட்டும் ஆட்டினான்.

நேற்று போன் வந்தது.
அதே மைதானம், பதினாறு ஹாரன்,
வாடகை இரண்டு மடங்கு, முழுக்க முன்பணம்.
செட் இல்லை என்றேன்.
பதினாறும் தலைக்கு மேலே பரணில்
வாயைத் திறந்துகொண்டு பார்த்தன.

"முதுநகர்ல மூணு கடை இருக்குண்ணே"
சால்டரிங் புகையிலிருந்து முகத்தை எடுக்காமலே
முபாரக் சொன்னான்.

தெரியும்.
இதே மூன்று சொல்லை
அந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கு முன்னால் சொல்லியிருந்தால்
ஸ்டாண்டு இந்நேரம் பரணில் இருக்கும்,
நவநீதன் ஷிஃப்டுக்குப் போயிருப்பான்.

அல்லது
வேறு கடை ஸ்டாண்டு.