நாலு முழம்

வாடைக்காற்று முறித்த அன்ரனா
மயிலிட்டிச் சங்கக் கட்டடத்தின் பின்னால்
கிளுவை வேலியில் தலைகீழாய்த் தொங்குகிறது.
கொழும்பிலிருந்து ஆள் வரச் செவ்வாய் ஆகுமாம்.
இன்றைக்கு வெள்ளி.
ஏழு வள்ளம் வெளியே.

நான் இங்கே கணக்குப் பார்ப்பவள்.
டீசல், ஐஸ், சந்தாப் பாக்கி.
உயர்தரத்தில் பௌதிகவியல் எஸ்.
அலைநீளம் காணச் சொன்ன ஒரேயொரு கேள்வியில்
மெகாவை மறந்து
ஆறு பூச்சியங்களைத் தொலைத்தேன்.
மூன்று மீற்றர் அலை
மூவாயிரம் கிலோமீற்றர் ஆயிற்று,
ஏழு இலங்கையை நெடுக அடுக்கின நீளம்.
விடைக்குக் கீழே இரட்டைக் கோடும் போட்டிருந்தேன்.

இன்று டீசல் பில்லின் முதுகில் எழுதினேன்.
அலைவரிசை பதினாறு. மீடிறன்
செக்கனுக்குப் பதினைந்து கோடியே அறுபத்தெட்டு இலட்சம்.
வேகம், ஒளியின் வேகம்தான்,
முப்பது கோடி மீற்றர்.
வேகத்தை மீடிறனால் பிரி.
கோடியும் கோடியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக
(அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள், பூச்சியங்களே)
மிஞ்சியது
ஒன்று தசம் ஒன்பது ஒன்று மூன்று.

சிரிப்பு வந்தது எனக்கு.
நிலைக்குக் குனிந்து உள்ளே வரும் திரவியநாதனைவிட
மூன்று விரல் உயரம்.
நாலு முழ வேட்டிக்குக் கொஞ்சம் கூட.
கண்ணில் படாத ஒன்று
இந்த நீளத்தில்
என் மேசையை, ரசீதுப் புத்தகத்தை, என்னை
ஊடறுத்துப் போய்க்கொண்டே இருக்கிறது.

அதில் பாதி.
பாதியில் நூற்றுக்கு ஐந்து கழி,
உலோகத்தில் அலை சற்றுத் தயங்கும்.
இரண்டு கையாகப் பிரி.
ஒரு கை: நாற்பத்தைந்து தசம் நாலு சென்ரிமீற்றர்.
அடிமட்டம் முப்பதோடு முடிகிறது.
முழங்கையை மேசையில் ஊன்றி நீட்டிப் பார்த்தேன்.
நடுவிரல் நுனி நாற்பத்து நாலு.
நகம் வளர்த்திருந்தால்
நானே நின்றிருக்கலாம் கூரையில்.

செத்துப்போன பிறிட்ஜின் செப்புக் குழாய்.
முதற் கை குறைந்துவிட்டது.
வாள் தின்ற இரண்டு மில்லிமீற்றரும்
என் அவசரமும்
எந்தச் சூத்திரத்திலும் இல்லை.
கூடினதை வெட்டலாம்,
வெட்டினதைக் கூட்ட ஏலாது,
தையல்கார ஜெசிந்தா சட்டைக்குச் சொல்வது.
அடுத்த குழாயை விரலளவு விட்டு வெட்டி
அரத்தால் ராவிக் கொண்டுவந்தேன்.

ஏணியைத் திரவியநாதன் பிடித்தான்.
ஏறியது நான்.
பயந்தது அவன்.

ஐந்தே முக்காலுக்கு
இரைச்சல் ஒரு தரம் விக்கியது.
"சங்கம், சங்கம்... கேக்குதோ? ஓவர்."
கேக்குது.
"ஐஸ் வந்திட்டுதோ?"

செக்கனுக்குப் பதினைந்து கோடி தரம் துடித்துக்கொண்டு
கடலைத் தாண்டி வந்த முதற் கேள்வி.
வந்திட்டுது, என்றேன். ஓவர்.

ஆறு வள்ளம் பேசின.
ரெஜினோல்டின் வள்ளம் பேசவில்லை.

எங்கள் கம்பம் ஒன்பது மீற்றர், அவனுடையது மூன்று.
இருபது கிலோமீற்றருக்கு அப்பால்
பூமி முதுகை வளைத்து அவனை மறைத்துவிடும்.
அந்தக் கணக்கையும் போட்டேன்.
போடாமல் விட்டிருக்கலாம்.
எட்டு மணி. ஒன்பது.
இரைச்சலுக்கும் அலைநீளம் உண்டு,
எல்லா நீளமும்.
அவன் மனைவி செற்றின் குமிழையே பார்த்தபடி
கதிரை நுனியில்.

பத்தே காலுக்கு இறங்குதுறையில் வெளிச்சம்.
கயிற்றை எறிந்துகொண்டே சொன்னான்:
"செற்றை நிப்பாட்டி வைச்சனான்.
பற்றரி இறங்கிப்போம் எண்டு."

என் கையில் அந்தக் குறைந்த குழாய்
ஏனோ இன்னும் இருந்தது.
தோளில் ஒன்று போட்டேன்.
அதற்கு
அந்த நீளம் போதும்.