குறிப்புப் பத்தி

தர்மபுரியிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.
"உள்ளே என்ன, வெடிகிடியா?" என்றார் நடத்துனர்.
"ஃபயர்வால்" என்றேன்.
ஃபயர் மட்டும் காதில் விழுந்திருக்கும்;
காவேரிப்பட்டணம் தாண்டும் வரை
என்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

கிருஷ்ணகிரியில் இறங்கி, பர்கூர் சாலையில்
கல் அறுக்கும் கம்பெனி.
வாசலில் கறுப்புப் பலகைகள் வெயிலில் சாய்ந்து நிற்க
உள்ளே எல்லாவற்றின் மேலும் மாவு போல் தூசி,
சுவிட்சின் மூச்சுத் துளைகளிலும்.
மூன்று வாரம் முன்பு ஒரு திங்கட்கிழமை
பில், பட்டியல், கப்பல் காகிதம்
அத்தனையும் பூட்டிக்கொண்டன.
சாவிக்கு விலை கேட்டு ஒரு கடிதம்,
ஏதோ ஒரு நாட்டிலிருந்து, மரியாதையான ஆங்கிலத்தில்.
திம்மராயப்பா தரவில்லை.
பழைய பிரிண்டுகளை அடுக்கிவைத்து
ஷம்ஷாத் மேடம்தான் மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.
பிப்ரவரி வரை வந்திருந்தார்.

திம்மராயப்பா பெட்டியைச் சுண்டிப் பார்த்தார்:
"இத்தனூண்டு இருக்கு, தாங்குமா?"

கூடவே வந்த கடவுச்சொல்லை முதலில் கொன்றேன்.
கேமராக்களுக்குத் தனி அறை,
லாரிக்காரர்களின் வைஃபைக்கு வெளித் தாழ்வாரம்,
கணக்குக் கணினிக்கு உள்வீடு.
இந்தப் பெட்டி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும்;
முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும்.
ஆகவே கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்:
வேறு எவருக்கும் வழியில்லை.

அவசரத்தில் அந்தக் கடைசி வரியை
உச்சியில் ஏற்றிவிட்டேன்.
திரை உறைந்தது. என்னையும் வெளியே தள்ளிவிட்டது.
ஷம்ஷாத் மேடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்திக் கொடுத்தார்.
பின்பக்கத் துளையில் பத்து விநாடி அழுத்தி
முதலிலிருந்து.

"ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எதுக்குன்னு எழுதணுமா?"
"எழுதணும்" என்றேன், பெரிய மனிதன் போல.
"நாளைக்கு வேற ஒருத்தன் பார்த்தா
யாருக்காகத் திறந்தது, ஏன் திறந்ததுன்னு தெரியணும்."

இணைப்பின் பயனர் பெயர் மறுபடி வேண்டியிருந்தது.
மூலையில் கழற்றிப் போட்ட பழைய ரூட்டருக்கு
மின்சாரம் கொடுத்து உள்ளே போனேன்.
அங்கே ஒரே ஒரு விதி.
3389. எங்கிருந்தும். யார் வேண்டுமானாலும்.
பெயர்: டெம்ப்.
குறிப்பு: காலி.

ஊரடங்குக் காலம். சாலையெல்லாம் போலீஸ்.
மேடம் வீட்டிலிருந்தே சம்பளப் பட்டியல் போடவேண்டும் என்று
போனில் கெஞ்சினார் திம்மராயப்பா.
சோற்றுக் கை காயுமுன், இடது கையாலேயே,
தர்மபுரியில் உட்கார்ந்து நான் திறந்த கதவு.
ஒரு வாரத்தில் மூடிவிடுகிறேன் என்றேன்.
அந்த வாரம் நான்கு வருடம் நீண்டது.

புதுப் பெட்டி எழுந்தது.
பதிவேட்டில் முதல் நிமிடத்திலேயே தட்டல்கள்,
எனக்கு உச்சரிக்க வராத ஊர்களிலிருந்து,
இருபது, நாற்பது, எழுபது,
அதே 3389-ஐத் தேடி,
பழகிய வழி அடைபட்டதை நம்பாமல்.
மறுப்பு, மறுப்பு, மறுப்பு என்று சிவப்பில் ஓடியது.
திம்மராயப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்:
"தாங்குது."

பில் எழுதினேன். பெட்டி விலை. வரி.
கூலி என்ற இடத்தில் ஒரு கோடு.
ஷம்ஷாத் மேடம் விரல் வைத்தார்.
"இது?"
"தள்ளுபடி."
"எதுக்குன்னு எழுதலியே."

வெளியே ரம்பம் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
தண்ணீர் சிந்தச் சிந்த.
அது நின்றதும் சொல்லலாம் என்று பார்த்தேன்;
ஆறு மணி வரை அது நிற்காது.
பேனாவைத் திரும்ப வாங்கி
கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில்
தேதியிலிருந்து தொடங்கினேன்.