ஐம்பத்து நாலு

தண்டர் பே. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
குகநேசன் லொறியை உள்ளே விட்டுவிட்டு இறங்கினான்:
"காலில விரல் இருக்கெண்டே தெரியேல்லை அக்கா.
முள்ளு ஐம்பத்து நாலைத் தாண்டமாட்டன் எண்டு நிக்குது."

ரேடியேட்டர் முகத்தில் கட்டியிருந்தான்
வாழைப்பழப் பெட்டி அட்டை,
பாதி கிழிந்து, உப்பேறி.

முள் பொய் சொல்லலாம்.
சென்சரை மாற்றினேன். அதே ஐம்பத்து நாலு.
முள் பாவம்.

விசிறி தன் பாட்டில் ஓய்ந்து நிற்கிறது.
கூலன்ட் கழுத்து மட்டும் இருக்கிறது.
கையுறையைக் கழற்றி
மேல் குழாயைப் பிடித்தேன்:
ஸ்டார்ட் பண்ணி நாலு நிமிஷம்,
அதற்குள் இளஞ்சூடு.
வரக்கூடாத நேரத்தில் வருகிற சூடு.

மூன்று போல்ட் வந்தது. நாலாவதோடு
முக்கால் மணிநேரம், இரண்டு கெட்ட வார்த்தை.
மூடியைத் தூக்கினால்
தெர்மோஸ்டாட் பழுதில்லை.
தெர்மோஸ்டாட்டே இல்லை.
வெறும் பள்ளம், பச்சைத் தண்ணீர்,
அதில் என் டார்ச் வெளிச்சம்.

"எங்க வாங்கினது?"
"அரிசோனா. ஏலத்தில. மலிவு."

ஏதோ ஓர் ஆகஸ்டில், தார் உருகும் வீதியோரம்
எவனோ இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு
அப்பாடா என்றிருப்பான்.
திட்ட வாயெடுத்தேன்.
அங்கே நின்றிருந்தால் நானும் எறிந்திருப்பேன்.

புதியதைப் பூட்டினோம், ரப்பர் வளையத்தோடு.
கபினில் குகநேசன் சப்பாத்தைக் கழற்றி
பாதத்தை ஹீட்டர் வாயில் வைத்தபடி
எண்களைக் கத்துகிறான்:
அறுபது. எழுபத்தொன்று.

என் கையில் குழாய் சில்லென்றே இருக்கிறது.

எண்பத்து மூன்று என்றான்.
அப்போதுதான்
ஒரே மூச்சில் சுட்டது.