அறுபத்தொன்றாம் பட்டை

அரிசிச் சாக்கில் வந்தது.
கோழிக்கூண்டுக்கும் யாரோ வாங்கிய மெத்தைக்கும் நடுவே
நசுங்கியபடி ருரெனபாக்கேயிலிருந்து
பதினெட்டு மணி நேரம் மலையேறி,
லா பாஸில் என் மேசைமேல்
ஈரம் காயாமல்.
தாளில் பென்சில் எழுத்து:
"புண்ணுக்கு. எவரிஸ்தோ மருப்பா."

எண் கொடுத்தேன். அறுபத்தொன்று.
எண் கொடுத்துவிட்டால்
மரம் கொஞ்சம் வாயை மூடும்.

அரைத்தேன். சாராயத்தில் மூன்று இரவு ஊறவைத்தேன்.
வடித்து, ஆவியாக்கி,
குடுவையின் அடியில் சுரண்டி எடுத்தது
ஒரு கரண்டிப் பிசின்.

கீழே, காட்டில், பிரேசில் கொட்டை பொறுக்கும் காலம்.
மணல் ஈ கடித்த இடம்
முதலில் பரு, பிறகு நாணயம், பிறகு கிணறு.
எஸ்புந்தியா என்பார்கள்.
ஆறிவிட்டது என்று நாம் மறந்த பிறகு
மூக்குக்குள் குடியேறி
நடுத்தண்டைத் தின்னும்.
ஆன்டிமனி ஊசி இருக்கிறது, இருபது நாள் போட வேண்டும்.
இருக்கிறது என்றால், பட்டியலில்.

தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டு.
ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் லெஷ்மேனியா.
நெல்மணி உடல், முன்னால் ஒற்றைச் சாட்டை;
சாட்டை இழுத்த பக்கம் உடல் போகும்.
அழகு என்று சொல்லக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள்
வெறும் கரைப்பான் விட்ட குழியில் தேர்க்கூட்டம்.
அறுபத்தொன்றில்
ஒன்றும் அசையவில்லை.
நான்கு முறை எண்ணினேன், பூஜ்யத்தை.
இயக்குநர் இல்டா வெர்காரா
எல்லோருக்கும் சால்தேன்யா வாங்கி வந்தார்;
குழம்பு என் பதிவேட்டில் சொட்டியது,
சரியாக அந்த வரியில்.

அடுத்த வாரம்
எலியின் விழுங்கணுக்களுக்கு அதே பிசினைக் கொடுத்தேன்.
அவையும் கிடந்தன,
கழற்றிப்போட்ட சட்டைகள் போல.

கொல்வதில் என்ன சாமர்த்தியம்?
கழிவறை தேய்க்கும் பிளீச்சிங் பவுடரும் கொல்லும்.
யாரை விட்டுவிடுகிறது என்பதில்தான்
விஷம் மருந்தாகிறது.
ஒட்டுண்ணிக்கு ஒன்று, நமக்கு ஒன்று புள்ளி இரண்டு.
அந்தச் சந்தில் ஒரு கொசு நுழையாது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்கிறானாம்.
"செத்ததா, டாக்டர்?"
(டாக்டர் இல்லை நான். சொல்லிச் சலித்துவிட்டேன்.)
"செத்தது."
கூவினான். நாய் ஒன்றும் கூடவே.
"ஆனால் மற்றவையும் செத்துவிட்டன, எவரிஸ்தோ.
நம் உடம்பில் இருப்பது போன்றவை."

காற்று.
பிறகு சிரிப்பு, தொட்டி அதிரும்படி.
"சாகாமலா? அதைத் தட்டி ஓடையில் போட்டால்
மீன் வயிற்றைக் காட்டி மிதக்கும்.
யார் அதைக் குடிக்கப் போகிறார்கள்?
காலையில் பூசுவோம்.
வெயில் உச்சிக்கு வருமுன் கழுவிவிடுவோம்."

"இதை ஏன் எழுதவில்லை?"

"நீங்கள் அனுப்பிய தாளில்
'எதற்கு' என்று ஒரு கட்டம் இருந்தது.
'எவ்வளவு நேரம்' என்று இல்லையே."

அடிக்கோலை எடுத்துக் கோடு போட்டேன்.
கோணல். இருக்கட்டும்.
அந்தக் கட்டத்தில் முதல்முதலாக
நான்கு மணி என்று எழுதினேன்.

வைக்குமுன் கேட்டான்:
"ஊசி எப்போது வரும்?
என் காலில் பாதிதான் மூடியிருக்கிறது."
அது வேறு கட்டடம், வேறு மாடி, வேறு கையெழுத்து.
விசாரிக்கிறேன் என்றேன்.
அந்தச் சொல்லின் விலை
எங்கள் இருவருக்கும் தெரியும்.

இன்று புதுத் தட்டு வைத்திருக்கிறேன்.
நான்காம் மணியில் கழுவி எடுக்க வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே ஆலங்கட்டி;
எனக்கு இரண்டு ஸ்வெட்டர்.
அடைகாக்கும் பெட்டிக்குள் மட்டும்
இருபத்தாறு டிகிரி,
எவரிஸ்தோவின் ஆற்றங்கரைச் சூடு.
அதில் சாட்டை சொடுக்கி
அவை நீந்திக்கொண்டிருக்கின்றன.