இங்கே மட்டும் செல்லும்

ரீனோவில், நெடுஞ்சாலையை ஒட்டிய விடுதியின்
இரண்டாம் தளக் கூடத்தில்
என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
காலையிலிருந்து அட்டையை மடித்து மடித்து வைக்கிறேன்,
யாராவது முழங்கை ஊன்றினால் போதும்
பிளாஸ்டிக் சிமிழ்களில் அத்தனை வெள்ளியும்
பல் நடுங்கும்.

என்ன விற்கிறாய் என்பவர்களிடம் சொல்வேன்:
செல்லாக்காசு.
சிரிப்பார்கள். விலையைப் பார்த்ததும் நிறுத்துவார்கள்.

சுற்றிலும் பித்தளை வளையம்,
நடுவில் கலப்பில்லாத வெள்ளி,
அதில் ஒரு கழுதை, ஒரு சுரங்கக்காரன், அல்லது
கால் தூக்கிய நடனக்காரி.
மூன்று படம் ஒன்றாய் நின்றால்
தகரத் தட்டில் இது விழும்,
நான்கு வரிசை தள்ளித் தலைகள் திரும்பும்.
மறுபக்கம் பத்து டாலர் என்றும்
அதன் கீழே எறும்பு எழுத்தில்
இங்கே மட்டும் செல்லும் என்றும் இருக்கும்.

அந்த இங்கேக்களைத்தான் சேர்க்கிறேன்.
காப்பர் லார்க் இப்போது வாகன நிறுத்துமிடம்.
மிராடோரின் நீச்சல்குளத்துக்கு மேல் மெத்தைக் கடை.
சில்வர் ஹெரான் இருந்த மூலையில்
ஒன்றுமில்லை; வேலி, வேலியில் மாட்டிய பைகள்,
காற்று.

பதினெட்டு வருஷம் இடுப்பில் சில்லறைப் பையோடு
அந்தக் கம்பளங்களில் நடந்தவள் நான்.
மார்பில் லெனோர் பிடார்ட் என்று பட்டை.
விரல் பத்தும் கறுத்திருக்கும்.
ஜெயித்தவர்களின் கையை
எலுமிச்சை மணக்கும் ஈரத்தாளால் துடைத்துவிடுவேன்,
தோற்றவர்கள் தாமே துடைத்துக்கொள்வார்கள்.

மதியத்துக்கு மேல் வந்தார் ஆரின் ட்வெயிட்.
மீன்பிடிப் பெட்டியில் நாற்பத்தொரு காசு,
தூண்டில் முள் வைக்கும் அறைகளில் இரண்டிரண்டாய்,
ஒன்றில் மட்டும் ஒன்று.
என்ன தொழில் என்றேன்.
இடிப்பது, என்றார். தூணுக்கு மருந்து வைப்பது.
இதில் இருப்பதெல்லாம் நான் படுக்கவைத்தவை.

பதினோரு நொடி போதுமாம்.
மடக்கு நாற்காலியும் காப்பிக் குடுவையுமாய்
ஊரே வந்து உட்காருமாம் விடியலுக்கு முன்.
தூசி அடங்கியதும் கைதட்டுவார்களாம்,
யாருக்கு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாதாம்.

நாற்பதையும் ஒவ்வொன்றாய்த் தராசில் வைத்தேன்.
அவர் பேரம் பேசவில்லை.
நாற்பத்தொன்றாவது வளைந்திருந்தது.
சிமிழ் இல்லை. விளிம்பில் வெள்ளைச் சாயம்.
நாரையின் கழுத்தில் கீறல்.
உருக்கினால் வருவதைத் தருகிறேன், என்றேன்.

ஹெரான், என்றார். அறை அறுநூற்றுப் பதினான்கு.
கடைசிச் சுற்று. கதவுகளைக் கழற்றியாயிற்று,
கட்டில் இல்லை, குழாய் இல்லை.
ஜன்னல் சட்டத்தின் இடுக்கில்
யாரோ இதைச் செருகி வைத்திருந்தார்கள்.
பத்து டாலரை!
திருப்புளியால் நெம்பிச் சட்டைப்பையில் போட்டேன்.

ஜன்னல் கடகடவென்று ஆடத் தொடங்கியது.

மறுநாள் பொத்தானை அழுத்தியது நினைவில்லை.
பதினாறு மாடி. படம்கூட இருக்கிறது,
தொப்பியோடு நிற்கிறேன்.
அந்த ஜன்னல்தான்.
படியிறங்கும்போது நான்காம் மாடிவரை கேட்டது.
மூன்றிலும் கேட்டது.
மூன்றில் கேட்டிருக்க முடியாது.

என்ன சொல்வதென்று தெரியாமல்
ஐந்து டாலர் கூட்டினேன்.
அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.
விற்க வந்தது நாற்பதைத்தான் போல.
காலிப் பெட்டிக்குள் அந்த ஒன்று
வாசல்வரை உருண்டு உருண்டு கேட்டது.

ஆறு மணிக்கு விளக்குகளைப் பாதியாக்கினார்கள்.
கணக்கெழுத உட்கார்ந்தேன். மேசை ஆடியது.
அட்டை நைந்து கூழாகியிருந்தது.
நாற்பதில் ஒன்றை, மிராடோரின் நடனக்காரியை,
நூற்றைம்பதுக்குக் குறையாமல் போகக்கூடியவளை,
குனிந்து
குட்டைக் காலுக்கு அடியில் வைத்தேன்.

நின்றது.

காலையில் ஆட்கள் வந்து மேசையை மடிக்கும்வரை
இங்கே செல்லும்.