பதினான்காம் எண் வீட்டுக்கு

மண் எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.
கோந்தர் மேட்டு நிலத்திலிருந்து நாற்பது குப்பிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்,
ஊமெயோ பல்கலைக்கழகத்து உறைபெட்டியில்
தனி அடுக்கு.
எனக்கு இன்னும் எண் வரவில்லை.

எண் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை.
கணக்கு இல்லாமல் வீட்டு ஒப்பந்தம் இல்லை.
ஒப்பந்தம் இல்லாமல் எண் இல்லை.
வரி அலுவலகத்தில் இதைச் சொன்னபோது
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இளைஞன்
"ஆமாம்" என்றான்,
வெளியே பனி பெய்கிறது என்பதுபோல.

படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
எங்களில் அப்படி ஒன்று கிடையாது.
அஸ்காலெச் நான், ஜெம்பெரே அப்பா,
அவ்வளவுதான்.
காலியாக விட்டால் கணினி நகர மறுத்தது.
அதனால் இப்போது ஆய்வகக் கதவிலும்
குப்பிகளின் ஒட்டுத்தாளிலும் ஜெம்பெரே.
நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர்
இருக்கையைவிட்டு எழாமலே
வட துருவத்துப் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.
தொலைபேசியில் சொன்னேன்.
"சம்பளம் யாருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் கடிகாரம் விடியலில் தொடங்கும்;
வெயில் வந்து ஒரு மணி நேரமானால் மணி ஒன்று.
இங்கே டிசம்பர் சூரியன்
கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று
கிளம்பிவிடுகிறது.
ஐந்து மணி என்று ஒன்று
வருவதே இல்லை.

துணி துவைக்க நிலவறை.
சுவர்ப்பலகையில் நாள்களும் நேரங்களும் துளைகளாக;
வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை
வேண்டிய துளையில் செருக வேண்டும்.
விருந்தினர் வீட்டோடு சேர்த்துத் தந்தார்கள், 14.
எந்த வங்கியிலும் இல்லாத நான்
ஞாயிறு ஏழு முதல் பத்து வரை இருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு, உலர்த்தியின் கதவில் ஒரு தாள்.
நீல மை, சாய்ந்த கையெழுத்து,
இரண்டு ஆச்சரியக்குறிகள்.
படிக்கட்டில் உட்கார்ந்து அகராதியோடு படித்தேன்.
பஞ்சு கிடைத்தது.
வடிகட்டி கிடைத்தது.
ஒவ்வொரு முறையும் என்பது கிடைத்தது.
ஒரு சொல் மட்டும் கிடைக்கவில்லை.
ஆய்வகத்தில் சிஃப் அதைப் பார்த்துக் காது சிவந்தாள்,
மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

இதுவரை வந்த கடிதங்களெல்லாம்
மதிப்பிற்குரிய விண்ணப்பதாரரே என்று தொடங்கின.
கோபத்தோடு வந்தது இதுதான்.
யாரோ ஒருவர்,
நான் அடுத்த ஞாயிறும் இங்கே இருப்பேன் என்று நம்பி,
அப்போதும் பஞ்சை அப்படியே விட்டுப்போவேன் என்று பயந்து,
பேனா தேடியிருக்கிறார்.

ஒன்பது சொற்களில் பதில் எழுதி ஒட்டினேன்.
மறுவாரம் அதே தாளில்
பஞ்சுக்கு நான் போட்ட விகுதி அடிக்கப்பட்டு
சரியானது மேலே இருந்தது.
கீழே: குன்வோர், வீடு 9.
மன்னித்தாரா என்று எழுதவில்லை.

பிப்ரவரியில் மறுபடி வரி அலுவலகம்.
வசிப்பிடத்துக்கு ஏதாவது சான்று உண்டா என்றான்
அதே இளைஞன்.
கோப்பில் துழாவினேன்,
கையில் வந்தது அந்த நீல மைத் தாள்.
கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.

படித்தான்.
அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றான்.
"இது செல்லாது."
முத்திரையைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஆனால் பஞ்சை எடுக்கத்தான் வேண்டும்" என்றான்.